நடந்து வந்தவருக்கு வைத்த சோறு

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். நடந்தால் மூன்று நாள். அந்த மூன்று நாள் கணக்கை வைத்துத்தான் ஒரு காலத்தில் இந்த வழி முழுவதும் அமைந்திருந்தது. விடியற்காலையில் கிளம்பினவர் வெயில் ஏறுவதற்குள் எங்கே வந்து சேருவாரோ அங்கே ஒரு கிணறு, ஒரு மண்டபம். பொழுது சாயும்போது எங்கே கால் ஓய்ந்து போகுமோ அங்கே ஒரு சத்திரம். நடுவில் ஆங்காங்கே சுமைதாங்கிக் கல். தலைச்சுமையை இறக்கி வைக்கவும் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்காக, ஆள் உயரத்தில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாகவே பெரும்பாலும் அந்தக் கல்லை நடுவது வழக்கம். பெற்றவர்கள் தங்கள் துக்கத்தை யாரோ ஒரு வழிப்போக்கரின் கழுத்துவலி தீரும்படி நட்டு வைத்தார்கள். இதைவிடப் பெரிய தானத்தை நான் அறியேன்.

திருப்பதியின் வரலாறு என்றால் ராஜாக்கள் கொடுத்த கிரீடமும் உண்டியல் வசூலும்தான் பேச்சாக இருக்கிறது. இத்தனை நூற்றாண்டுகளாக மலையை நோக்கி நடந்து வந்தவர்களுக்கு யார் சோறு வைத்தார்கள், எந்த ஏற்பாட்டில் வைத்தார்கள் என்று கேட்பவர் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது. காரணம், நான் பாகாலாக்காரி. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் தெலுங்கு. புரட்டாசி பிறந்தால் வேலூர்ப் பக்கமிருந்தும் திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் மஞ்சள் வேட்டியும் துளசிமாலையுமாக நடந்து வரும் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தேன். பிறகு சித்தூரில் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தேன். ஓய்வு பெற்றபின் தேவஸ்தானம் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

திருமலை, கீழ்த்திருப்பதி, திருச்சானூர் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. சாது சுப்பிரமணிய சாஸ்திரி அவற்றைத் தேடிப் படியெடுத்து ஆராய்ந்தார். 1930களில் தொகுதி தொகுதியாக அவை வெளிவந்தன. மிகப் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம். போர்க்களமும் வெற்றியும் தேடிப் போகிறவருக்கு அங்கே அதிகம் கிடைக்காது. அரிசி, நெய், பயறு, உப்பு, மிளகு, கறியமுது, தயிர், சந்தனம், பாக்கு, வெற்றிலை: பக்கத்துக்குப் பக்கம் இதுதான். எந்தத் திருநாளில், எந்த மண்டபத்தில், எத்தனை மரக்கால் அரிசி, எத்தனை நாழி நெய், எத்தனை ஆழாக்கு மிளகு என்று ஒன்று விடாமல் வெட்டியிருக்கிறார்கள். அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, இட்டலிப்படி, தோசைப்படி, மனோகரப்படி என்று பணியாரங்களுக்குத் தனிக் கணக்கு. இன்று உலகமறிந்த லட்டு அந்தப் பட்டியலில் இல்லை. அது பின்னால் வந்தது.

ஏற்பாடு இப்படி. தளிகை என்ற பெருமாள் படையலை நடத்த விரும்புகிறவர் கோயில் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் நற்பணம் செலுத்துவார். ஸ்தானத்தார் என்ற நிர்வாகிகள் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கோயிலுக்குச் சொந்தமான கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் போட்டார்கள். தண்ணீர் பாய்ந்த நிலத்தில் கூடுதலாக விளைந்த நெல்லிலிருந்து, பணம் கொடுத்தவர் பெயரில் சந்திரனும் சூரியனும் உள்ளவரை தளிகை நடக்கும். வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன் 1960இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விரிவாகக் காட்டினார். மழையை நம்ப முடியாத சீமை இது. இங்கே ஒருவருக்குச் சோறு போட வேண்டுமானால் முதலில் ஓர் ஏரியை ஆழப்படுத்த வேண்டும் என்று அந்தக் காலத்துக் கோயில் கணக்கர்களுக்குத் தெரிந்திருந்தது. பக்தியை மட்டும் பேசுகிறவர்கள் இந்த அறிவையும் பேச வேண்டும்.

பெருமாள் அமுது செய்தபின் அந்தப் பிரசாதம் எங்கே போயிற்று என்பதையும் கல்வெட்டே சொல்கிறது. நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு. ‘விட்டவன் விழுக்காடு’ என்று அதற்குப் பெயர். மீதி கோயில் பணி செய்பவர்களுக்கும் ஸ்தானத்தாருக்கும் பிறருக்கும். பணம் கொடுத்தவர் சந்திரகிரியில் இருப்பார், விஜயநகரத்தில் இருப்பார். நாள்தோறும் மலையேறி வந்து தன் பங்குச் சோற்றை வாங்கிக்கொள்ள அவரால் ஆகாது. ஆகவே அந்தக் கால் பங்கை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். சிலர் ஆசாரியருக்கு, சிலர் மடத்துக்கு, சிலர் பிரபந்தம் சேவிப்பவர்களுக்கு. இன்னும் சிலர் வழிநடையாக வந்தவர்களுக்கு உணவிடும் ராமானுஜ கூடத்துக்கு.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சந்திரகிரியைத் தளமாகக் கொண்டிருந்த சாளுவ நரசிம்மன் திருமலையிலும் கீழ்த்திருப்பதியிலும் ராமானுஜ கூடங்களை ஏற்படுத்தினார். கந்தாடை ராமானுஜ ஐயங்கார் பொறுப்பாளர். தன் பங்கு பிரசாதம் யார் வயிற்றுக்குப் போகிறது என்பது கொடுத்தவருக்குத் தெரியாது. தான் உண்பது யார் கொடுத்தது என்பது உண்டவருக்கும் தெரியாது. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்ததே அதுதான். நன்றி சொல்லி நிற்க வேண்டிய கூச்சம் உண்பவருக்கு இல்லை.

எல்லாப் பங்கும் பசித்தவருக்கே போயிற்று என்று சொல்லிவிட முடியாது. பங்குகள் கைமாறின, விற்கப்பட்டன. பிரசாதத்தைப் பங்குக்காரர்களிடம் வாங்கி யாத்திரீகர்களுக்கு விற்பது ஒரு பிழைப்பாகவே ஆயிற்று. அதை நான் பழிக்க மாட்டேன். காடு சூழ்ந்த மலைமேல், கையில் காசிருந்தும் வாங்க ஒன்றும் இல்லாத இடத்தில், அந்தப் புளியோதரையும் அதிரசமும்தான் பலருடைய பசியைத் தீர்த்தன.

இதே வட்டாரத்தையும் இதே தெய்வத்தையும் சுற்றி எழுந்த ஒரு நூலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கிருஷ்ணதேவராயர் 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை திருமலைக்கு வந்தவர். அவர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யத’ ஆண்டாளின் கதை. அதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் வீட்டுக்கு வரும் வைணவ அடியார்களுக்கு மழைக்காலத்தில் என்ன பரிமாறப்பட்டது, கோடையில் என்ன, பனிக்காலத்தில் என்ன என்று பருவத்துக்குப் பருவம் வேறு வேறு சாப்பாட்டை அவர் வர்ணிக்கிறார். மழையில் விறகு நனைந்து கிடக்கும் நாளிலும் அந்த வீட்டில் அடுப்பு அணைவதில்லை. பேரரசர் ஒருவர், தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் ஓர் எளிய மனிதர் வழிப்போக்கருக்குப் பரிமாறிய இலையைத் தம் காவியத்தின் பெருமைகளில் ஒன்றாக வைத்தார். திருமலைச் சன்னிதியில் தம் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் அவருடைய செப்புப் படிமத்தைப் பார்க்கும்போது, வாகை சூடிய ராயரைவிட அந்தச் சமையலறைப் புகையை எழுதிய ராயரே எனக்கு நெருக்கமானவர்.

மலைப்பாதைக்கு வருவோம். அலிபிரியிலிருந்து 3550 படி. சந்திரகிரிப் பக்கம் ஸ்ரீவாரிமெட்டிலிருந்து ஏறினால் 2388. அலிபிரிப் பாதையில் முக்கால்வாசி கடந்தபின் முழங்காலைச் சோதிக்கும் செங்குத்தான ஏற்றம் வரும். தெலுங்கில் மோகாள்ள பர்வதம். தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் சிறுவனாக வீட்டைவிட்டுக் கிளம்பி வந்தபோது அங்கேதான் பசியால் சோர்ந்து விழுந்தாராம். காலில் செருப்போடு புனித மலையில் ஏறினதால்தான் கண் இருட்டியது என்று சொல்லி, வயதான ஒரு பெண்மணி அவரை எழுப்பிச் செருப்பைக் கழற்றச் செய்து, கையிலிருந்த பிரசாதத்தை ஊட்டினாராம். அவர் அலமேலுமங்கைத் தாயாரே என்பது நம்பிக்கை. தெய்வத்தைச் சோறு ஊட்டும் கிழவியாக இந்தச் சீமை மக்கள் கற்பனை செய்ததில் வியப்பே இல்லை. அப்படிப்பட்ட கிழவிகள் வழிநெடுக இருந்தார்கள்.

தரிகொண்டை வெங்கமாம்பா (1730-1817) அவர்களில் ஒருவர் என்றுதான் நான் எண்ணுகிறேன். சித்தூர்ச் சீமையில் பிறந்து, இளவயதிலேயே கணவரை இழந்து, விதவைக்குரியது என்று ஊர் விதித்த கோலத்தை ஏற்க மறுத்தவர். திருமலைக்கு வந்து தெலுங்கில் எழுதிக் குவித்தார். இன்றும் இரவு ஏகாந்த சேவையில் அவர் பெயரால் முத்து ஆரத்தி நடக்கிறது. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டித் திருமலையில் தண்ணீர்ப் பந்தல் வைத்து அன்னதானமும் நடத்தினார். அதற்காகப் பலரும் அவர் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வைகாசி வெயிலில் மலையேறி வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணை, ஜமீன்களும் வணிகர்களும் நம்பிப் பணம் கொடுக்கத்தக்க நிறுவனமாக மதித்தார்கள்.

அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. ஆற்காட்டு நவாபிடமிருந்து 1801இல் கோயில் வருமானத்தோடு சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1821இல் புரூஸ் என்ற அதிகாரியின் பெயரால் கோயில் நிர்வாகத்துக்கு ஒரு சட்டத்தொகுப்பு வந்தது. இந்தக் கம்பெனிக் காலத்து வழியை நமக்குக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் ஏனுகுல வீராசாமய்யா. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷி. 1830 மே மாதம் நூறு பேருக்கு மேற்பட்ட பரிவாரத்தோடு சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பினார்; வழியில் திருப்பதி. 1831 செப்டம்பரில் திரும்பினார். ‘காசியாத்திரை சரித்திரம்’ என்று 1838இல் அச்சான அவருடைய குறிப்புகளில் ஒவ்வொரு தங்கலுக்கும் ஒரு கணக்கு உண்டு: சத்திரம் இருக்கிறதா, கடை இருக்கிறதா, தண்ணீர் நல்ல தண்ணீரா, பிராமணர் வீடு உண்டா. பயணம் போகிறவனுக்கு என்ன தேவை என்பதை அவரைப்போல் எழுதியவர் அந்தக் காலத்தில் குறைவு.

கடைசிக் கேள்வியைக் கவனிக்க வேண்டும். பிராமணர் வீடு உண்டா என்பது. பழைய சத்திரங்களின் வரலாற்றை எழுதுகிறவர் இதைச் சொல்லாமல் போகக் கூடாது. பல சத்திரங்களின் சாசனம் பிராமண போஜனத்துக்கு எழுதப்பட்டது. உள்ளே தனிச் சமையல், வெளியே மற்றவருக்குப் படி அரிசி, இன்னும் சிலருக்கு மரத்தடி. கோயிலே எல்லோருக்கும் திறந்தது 1947இன் சென்னை ஆலயப் பிரவேசச் சட்டத்தோடுதான். அதுவரை நடந்து வந்தவர்களில் பெருந்தொகையானவர்கள், அதே கோவிந்த நாமத்தைச் சொல்லிக்கொண்டு, தங்கள் மூட்டையில் கட்டிவந்த களி உருண்டையை நம்பியும் வழியில் தங்களைப் போன்றவர்கள் வீட்டு வாசலை நம்பியும் வந்தார்கள். ராயரையும் நரசிம்மனையும் போற்றும்போது எனக்கு இந்த நினைவு வராமல் இருப்பதில்லை.

1843இல் கம்பெனி கோயில் நிர்வாகத்திலிருந்து விலகிக்கொண்டது. பொறுப்பு வடநாட்டுத் துறவிகளின் ஹாதிராம்ஜி மடத்தின் தலைவர் சேவாதாஸிடம் வந்தது. 1933இல் தேவஸ்தான நிர்வாகக் குழு அமையும்வரை தொண்ணூறு ஆண்டுகள் மகந்துகள் என்ற அந்த மடத்தலைவர்களின் காலம். வடநாட்டு பைராகிகளுக்குத் திருப்பதி சொந்த ஊர் போலாயிற்று. அந்தச் சாம்பல் பூசிய அந்நியர்களை ஊர் எப்படித் தன்னுள் சேர்த்துக்கொண்டது என்று பார்க்க வேண்டுமானால் மே மாதத்தில் தாத்தையகுண்டா கங்கம்மா ஜாத்திரைக்கு வர வேண்டும். முதல் நாள்களில் ஊர் ஆண்களும் பிள்ளைகளும் உடம்பெல்லாம் வெள்ளை நாமக்கட்டியைக் குழைத்துப் பூசிக்கொண்டு பைராகி வேஷம் போடுவார்கள். அடுத்து குங்குமச் சிவப்பில் ஒரு வேஷம், கரிக் கறுப்பில் ஒரு வேஷம். பிறகு கங்கம்மாவே தொரையாக, மாதங்கியாக வேடமெடுத்துத் தெருத்தெருவாக வருவாள். அந்த முக்கிய வேடங்களைக் கட்டும் உரிமை கைக்கால குடும்பத்துக்கு, நெசவுக்காரர்கள். வேடம் வீட்டு வாசலுக்கு வந்ததும் பெண்கள் ஆரத்தி எடுத்து வணங்கி அனுப்புவார்கள். கங்கம்மா திருமலைப் பெருமாளின் தங்கை என்பது நம்பிக்கை; ஆகவே திருமலையிலிருந்து அண்ணன் வரிசையாகச் சேலையும் மஞ்சள் குங்குமமும் வரும். அம்மன் வாசலில் ராகி அம்பலி ஊற்றுவார்கள். வந்தவர் யாராக இருந்தாலும் ஒரு செம்பு கிடைக்கும். மலைமேல் கணக்கு எழுதி நடந்த உபசாரத்துக்கு, கீழே கணக்கே இல்லாத ஓர் உபசாரம் எப்போதும் இருந்து வந்திருக்கிறது.

1891இல் ரயில் வந்தது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்குத் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை. எங்கள் ஊருக்குப் பெயர் வந்ததே அந்த ஜங்ஷனால்தான். அப்பாவுக்குச் சோறு போட்டதும் அது. ஆனாலும் ரயில் செய்ததைச் சொல்ல வேண்டும். மூன்று நாள் வழி ஒரு பொழுதாகச் சுருங்கியதும் இடையிலிருந்த சத்திரங்களுக்கு ஆள் வருவது நின்றது. கிணறு தூர்ந்தது. சத்திரத்துக்கு எழுதி வைத்த நிலம் யார் யார் கையிலோ போயிற்று. 1944இல் மலைக்கு வண்டிப்பாதை திறந்தார்கள். படிவழி மண்டபங்களும் டோலி தூக்குபவர்களும் மோர் விற்ற பெண்களும் அதே கதிக்கு வந்தார்கள். நடந்து வருகிறவரைக் கண்டால்தான் வாசலில் இருப்பவருக்கு ‘வாங்க’ என்று சொல்லத் தோன்றும். சன்னலோரம் உட்கார்ந்து கடந்து போகிறவரை யார் எப்படி அழைப்பது?

அப்புறம் எல்லைச் சண்டை. சித்தூர் மாவட்டமே 1911 ஏப்ரல் 1இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்துச் சேர்த்துக் கட்டியது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அதோடு போயிற்று. ம.பொ.சி.யும் தோழர்களும் வேங்கடம்வரை தமிழகம் என்று போராடினார்கள். எல்லையை முடிவு செய்த பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. மேடைகளில் இரண்டு பக்கமும் சூடாகப் பேசிய ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளிலும் புரட்டாசி தவறாமல் வந்தது, தமிழ்ப் பேசும் நடைக்கூட்டமும் வந்தது, தெலுங்கு வீடுகளில் அடுப்பும் எரிந்தது என்று என் அவ்வா சொல்வார்.

அவ்வா, அப்பாவைப் பெற்றவர். அவர் களி கிண்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. வாசல் ஓரம் மூன்று கல் கூட்டிய அடுப்பு. பெரிய மண்சட்டியில் தண்ணீர் கொதித்ததும் கழுவின நொய்யைப் போடுவார். நொய் மலர்ந்து குழைந்தபின் கேழ்வரகு மாவை மேலே மலைபோல் குவித்துக் கொட்டுவார், கிளற மாட்டார். துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி மட்டும். அந்தக் குழி வழியாகக் கொதிநீர் பொங்கி வந்து மாவை அவிக்கும். அவசரப்பட்டுக் கிளறினால் கட்டி தட்டிவிடும். மாவு வாசனை போய் வெந்த வாசனை வரும் நேரம் அவர் மூக்குக்குத் தெரியும். உடனே சட்டியை இறக்கி, கவைக்கோலால் அதன் கழுத்தை அமுக்கிக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் போட்டுக் கிண்டுவார். வேர்வை மூக்கு நுனியில் நிற்கும். தண்ணீர் தொட்ட கையால் உருட்டி இலையில் வைத்து, நடுவில் பெருவிரலால் குழி பண்ணி, கடைந்த கீரையை ஊற்றி, ஓரத்தில் வேர்க்கடலைத் துவையல். புரட்டாசி ஆகையால் கோழிக்குழம்பு கிடையாது.

“குந்து சாமி, காலை ஆறவிடு” என்பார் வந்தவரிடம். பக்கத்து வீட்டு ரெட்டியாரம்மா, “ரண்டி சாமி, கூர்ச்சோண்டி” என்று மோர்ச் செம்போடு வருவார். எந்த ஊர் என்று கேட்பார்கள். சாதி கேட்டால் சோறு கசக்கும் என்று அவ்வா எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். கொப்புளம் வெடித்த காலுக்கு விளக்கெண்ணெய் தடவிவிடுவதும் உண்டு. போகிறவர்கள் காசு எதுவும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. “ஆயா, உங்க பேரைச் சொல்லி ஒரு கோவிந்தா போடறோம்” என்று சொல்லிவிட்டு நடப்பார்கள். அவருடைய விட்டவன் விழுக்காடு அதுதான்.

இன்றும் நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் புரட்டாசியில் சென்னை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் திருக்குடைகள் யானைக்கவுனியைத் தாண்டி, வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் என்று ஊர் ஊராகத் தங்கி, கருட சேவைக்கு முன்னால் திருமலையில் ஒப்படைக்கப்படுகின்றன. குடை தங்கும் ஊரில் அன்று யாரும் பசியோடு படுப்பதில்லை. இலங்கையில் வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கிழக்குக் கரையோரம் நடந்து போகிற தமிழர்களுக்கும் வழியூர்க்காரர்கள் இப்படித்தான் உணவு வைக்கிறார்கள். கால் நடக்கிற இடமெல்லாம் இந்தப் பழக்கம் பிழைத்திருக்கிறது.

மலைமேல் நிலைமை வேறு வழியில் நன்றாகவே ஆயிற்று. 1985 ஏப்ரல் 6இல், என்.டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது, நித்ய அன்னதானத் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் நாளுக்கு 2000 பேர். 1987இல் வந்த அறநிலையச் சட்டம் பரம்பரை மிராசு உரிமைகளை ஒழித்தது. பிரசாதத்தில் பரம்பரையாக வந்த பங்குகளும் அதோடு முடிந்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 2011இல் புதிய உணவுக்கூடம் திறந்து அதற்குத் தரிகொண்டை வெங்கமாம்பாவின் பெயரை வைத்தார்கள். நாலு கூடங்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர். வாழையிலை, சர்க்கரைப் பொங்கல், சோறு, சாம்பார், ரசம், மோர். யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்று எவரும் தீர்மானிப்பதில்லை. என் இடப்புறம் ஒருநாள் மராட்டியக் கிழவர், வலப்புறம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூலிப் பெண், கையில் குழந்தை. பரிமாறியவர் தொண்டுக்கு வந்த வங்கி ஊழியர். ராமானுஜ கூடத்துக்குச் செய்ய முடியாததை இந்தக் கூடம் செய்திருக்கிறது. தேவஸ்தானம் இதுவரை செய்த பணிகளில் இதையே முதலில் வைப்பேன்.

கீழே வழிதான் மெலிந்து கிடக்கிறது. சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, பாகாலா, பனபாக்கம், சந்திரகிரி என்று போகும் வழியில் இப்போது கட்டும் வீடுகளுக்குத் திண்ணை இல்லை. இளைஞர் சங்கங்கள் ஷாமியானா போட்டுப் பொட்டலம் கொடுக்கின்றன. அது நல்ல காரியம், அவர்களை வாழ்த்துகிறேன். பழைய மண்டபங்களோ ஒவ்வொன்றாகச் சாலைக்கு இரையாகின்றன. சுமைதாங்கியின் மேல்கல் சாக்கடைக்கு மூடியாகக் கிடப்பதை இந்த வழியிலேயே பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது.

சித்தூர், திருப்பதி, வேலூர், திருவள்ளூர் மாவட்டங்களில் இருப்பவர்களுக்கும் அந்தச் சாலைகளில் போய்வருகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வழியோரம் பாழடைந்த சத்திரமோ, மண்டபமோ, கால்நடைத் தண்ணீர்த் தொட்டியோ, சுமைதாங்கியோ கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துங்கள். கல்லில் எழுத்து இருந்தால் காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் படம் எடுங்கள். அப்போதுதான் எழுத்து தெளிவாக விழும். ஊரின் பெயரையும் எந்தச் சாலை என்பதையும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதி, உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். ஊரில் மூத்தவர்கள் இருந்தால் அந்தச் சத்திரத்துக்கு எந்த நிலம் எழுதி வைக்கப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாலையை அகலப்படுத்தும் யந்திரம் வருவதற்கு முன்னால் இதைச் செய்தாக வேண்டும்.